பல் டாக்டரிடம் போவதற்கு முன்: வீட்டிலேயே ஒரு எட்டுப் பக்கக் கதைப்புத்தகம்

3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் பல் டாக்டரைப் பார்த்து மிரள்வதற்குப் பெரிய காரணம், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான். கடைப் புத்தகமும் உதவும். ஆனால் நீங்கள் போகப்போகும் கிளினிக் அதில் இருக்காது. அதனால் நாமே செய்வோம்.

1. ஒரு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போன் போட்டு, அன்று பார்த்துவிட்டு மட்டும் அனுப்புவார்களா, சுத்தம் செய்வார்களா, சொத்தையை அடைப்பார்களா என்று கேளுங்கள். நடக்கப்போவதுதான் கதை.

2. இரண்டு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம். மடிப்பில் நூலால் மூன்று தையல் போடுங்கள்; ஸ்டேப்ளர் பின் பிஞ்சு விரலைக் கீறும்.

3. பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. முதல் பக்கம் அட்டை. பிறகு காத்திருக்கும் இடம், சாயும் நாற்காலி, விளக்கு, குட்டிக் கண்ணாடி, பல் எண்ணுவது, உறிஞ்சு குழாய், வீட்டுக்குத் திரும்புவது. குழாய்ப் பக்கத்தில் ‘சொர்ர்ர்…’ என்று பெரிதாக எழுதி, நீங்களே சத்தம் போட்டுக் காட்டுங்கள். பல பிள்ளைகள் அழுவது அந்தச் சத்தத்துக்குத்தான். நாயகனாக ஓர் அணில் போதும். பிள்ளையின் பெயரை வைத்தால் கேள்வி கேட்கத் தயங்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது வார்த்தையில். ‘வலிக்கவே வலிக்காது’ என்று எழுதினால் பிள்ளை காதில் விழுவது ‘வலி’ மட்டும்தான். ‘தண்ணீர் சில்லென்று தெறிக்கும்’, ‘பிரஷ் கிச்சுகிச்சு மூட்டும்’ என்று எழுதுங்கள். ஊசியே கிடையாது என்று பொய் வேண்டாம். ‘கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்துவார்’ என்ற வரியையும் அவரிடம் கேட்ட பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தாவிட்டால் புத்தகம் முழுவதும் பொய்யாகிவிடும்.

4. தினம் ஒருமுறை, ஐந்து நிமிடம் வாசியுங்கள். மூன்றாம் நாள் முதல் ஸ்பூனும் டார்ச்சும் எடுத்து விளையாட்டு: முதலில் பொம்மைக்கு, அடுத்து அம்மாவுக்கு, கடைசியில் பிள்ளைக்கு. பால் பற்கள் மேலே 10, கீழே 10, சேர்ந்து எண்ணுங்கள். பல் மருத்துவர்கள் 1959 முதல் பின்பற்றும் ‘சொல், காட்டு, செய்’ முறையும் இதே வரிசைதான்.

5. தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் போங்கள். புத்தகத்தைப் பிள்ளையே டாக்டரிடம் கொடுக்கட்டும்.

இந்த வாரம் முழுக்க, ‘சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று யாரும் மிரட்டக்கூடாது. தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.