கல்யாண நாளுக்கு ஒரு தென்னந்தோப்பு: பொள்ளாச்சிப் பக்கம் ரெண்டு நாள் தங்குவது எப்படி?

கல்யாண நாள் வந்தால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஊட்டிதான். சனி ஞாயிறில் அங்கே போனால் பாதி நேரம் மலைப்பாதையில் போகும், மீதி கூட்டத்தில் போகும். ரெண்டு பேரும் நிம்மதியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு போதும். கோவையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர், உக்கடத்தில் பஸ் ஏறலாம். நான் சொல்லும் விதி ஒன்றுதான்: ஒரே தோட்டம், ஒரே ஒரு வெளிச்சுற்று.

படி 1: மாதத்தைப் பாருங்கள்

கல்யாணத் தேதியை மாற்ற முடியாது, பயணத்தை மாற்றலாம். சித்திரை வெயிலில் தேதி வந்தால் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு, பயணத்தை ஆனி ஆடிக்குத் தள்ளிவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கி வரும் நேரம் அது, மத்தியானத்தில்கூடத் திண்ணையில் உட்காரலாம். மார்கழி, தையும் நல்லதுதான், ஒரு சால்வை எடுத்துக்கொண்டால் சரி.

படி 2: போனில் பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள்

படத்தை மட்டும் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். தோட்டக்காரரிடமே பேசுங்கள். "ஏனுங்க்கா, நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான் வர்றமுங்க, அன்னிக்கு வேற குடும்பம் யாராச்சும் தங்குறாங்களா?" என்று நேராகவே கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து அறையில் இருபது பேர் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தால் நீங்கள் போனதற்கே அர்த்தமில்லை. கார் வீட்டு வாசல்வரை வருமா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதா, கழிப்பறை அறையோடு சேர்ந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று, மோட்டார் எந்நேரம் ஓடும் என்று கேளுங்கள். தோட்டத்து மோட்டார்கள் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் ஓடும், அந்த நேரத்தில் நீங்கள் வெளியே சுற்றிக்கொண்டிருந்தால் தொட்டியில் பாய்கிற கிணற்றுத் தண்ணீரில் குளிக்கிற சுகம் கிடைக்காமல் போய்விடும். அந்தக் குளியலுக்காகவே இந்தப் பயணம் போகலாம் என்பேன். ரெண்டு பேரின் ஆதாரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சாப்பாட்டை முந்தின நாளே சொல்லிவிடுங்கள்

இதில் மட்டும் கஞ்சத்தனமோ கூச்சமோ வேண்டாம். போய் இறங்கிய பிறகு கேட்டால் எங்கேயும் கிடைக்கிற சப்பாத்தி குருமாதான் வரும். சனி மத்தியானத்துக்கு அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், கூடவே தயிர். ராத்திரிக்கு நாட்டுக்கோழி வறுவலும் கொள்ளு ரசமும். ஞாயிறு காலையில் சந்தகையும் (இடியாப்பம் மாதிரிப் பிழிவது) தேங்காய்ப் பாலும். சந்தகைக்கு அரிசியை ஊறவைத்து, ஆட்டி, வேகவைத்துப் பிழிய வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அதனால்தான் முன்னாடியே சொல்லச் சொல்கிறேன். கல்யாண நாள் என்பதையும் சொல்லுங்கள். கேக் வாங்கிச் சுமந்துகொண்டு போவதைவிட, தோசைக்கல்லிலிருந்து சுடச்சுட எடுத்த ஒப்பிட்டை, அதாவது போளியை, ஆளுக்குப் பாதியாகப் பிட்டுச் சாப்பிடுவது எனக்குப் பெரிய கொண்டாட்டமாகத் தெரிகிறது.

படி 4: சனிக்கிழமை ஒன்றும் செய்யாதீர்கள்

மத்தியானத்துக்குள் போய்ச் சேருங்கள். சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் தோப்புக்குள் ஒரு நடை, அவ்வளவுதான். மயில்கள் வரப்பில் நடமாடும், சத்தம் போடாமல் நின்றால் கிட்டத்திலேயே பார்க்கலாம். கயிற்றுக் கட்டிலைக் காய்த்த மரத்துக்கு நேர் கீழே மட்டும் போடாதீர்கள், தேங்காயோ மட்டையோ எப்போது விழும் என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கத்துக் கிணறுகள் அகலமும் ஆழமும் ஆனவை, சிலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்காது. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்க வேண்டாம், பாம்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிஏபி எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலைப் பார்த்தால் இறங்கத் தோன்றும், இறங்காதீர்கள். தண்ணீரின் இழுப்பு பலமாக இருக்கும், சரிந்த கரையைப் பிடித்து ஏறுவது கடினம்.

படி 5: ஞாயிறு ஒரே ஒரு சுற்று

சந்தகையை முடித்ததும் கிளம்பி ஆழியாறு போங்கள். அங்கிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், நீங்கள் ஒன்பதாவது வளைவுவரை போனால் போதும். அங்கே ஒரு காட்சிமுனை இருக்கிறது, கீழே அணை முழுக்கத் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் பாறையில் வரையாடு நிற்பதையும் பார்க்கலாம். வால்பாறைக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். இது புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை என்பதால் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், குரங்குக்குத் தீனி போடவும் வேண்டாம். இறங்கி வரும்போது ஆனைமலையில் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம், அமாவாசையாக இருந்தால் கூட்டம் நெருக்கும், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தோட்டத்துக்கே திரும்பி, நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், இருட்டினால் கோவைச் சாலையில் நெரிசல் கூடும். புறப்படும்போது சமைத்துப் போட்ட அக்காவின் கையில் தனியாகக் கொஞ்சம் பணம் கொடுங்கள், அறை வாடகையில் அவருக்கு எவ்வளவு போகிறது என்பது நமக்குத் தெரியாது.