"காலிதான்" என்றாலும் திறந்து பாருங்கள்: இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையாளும் முறை

எங்கள் வீட்டுத் தாழ்வார உத்திரத்தில் ஏழெட்டு ஈயக்குண்டுகள் இன்னும் புதைந்து கிடக்கின்றன. தாத்தாவின் துப்பாக்கியைத் துடைத்து வைக்க எடுத்த சித்தப்பா, "காலிதான்டா" என்றபடி, ஸ்பிரிங் தளரட்டும் என்று விசையை இழுத்தார். நல்லவேளை, குழல்முனை மேலே பார்த்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, காலி என்று நிஜமாகவே நம்பினார். வில்லங்கமே அந்த நம்பிக்கைதான்.

மன்னார்குடிப் பக்கம் லைசென்ஸோடு இப்படியொரு துப்பாக்கி உங்கள் கைக்கு வந்தால், முதலில் முனை எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். விரல் விசைமேல் வேண்டாம், வெளியே நீட்டியே இருக்கட்டும். அப்புறம் மேலே இருக்கும் நெம்பைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளினால் குழல் மடிந்து திறக்கும். தோட்டா இருந்தால் எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நம் ஊரில் குளவி சாவித்துவாரத்தைக்கூட விடாது, குழலை விடுமா? உள்ளே மண் அடைத்திருக்கும்போது சுட்டால் குழலே வெடித்துவிடும். அடுத்தவர் கையில் கொடுப்பதும் வாங்குவதும் திறந்த நிலையில்தான். விசையைத் தடுக்கும் சேஃப்டி போட்டிருக்கிறது என்ற பேச்சே வேண்டாம், அது தேய்ந்துபோகிற ஓர் இரும்புத்துண்டு.

வரப்பில் நடக்கும்போதும் தோட்டா வெளியே இருக்கட்டும். வாய்க்கால் மேல் போட்ட ஒற்றைத் தென்னைமரத்தில் கால் வழுக்கினால் கை எதைப் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சுடுவதாக இருந்தால், டெல்டாவில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மலையடிவாரம் என்றால் குண்டை வாங்கிக்கொள்ள மேடு இருக்கும். இங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சமதளம். வளர்ந்த பயிருக்குள் குனிந்து களையெடுப்பவரின் முதுகு தெரியாது. தண்ணீர் கட்டிய வயலில் சாய்வாகப் பட்ட குண்டு தெறித்து வேறு பக்கம் போகும். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சுடாதீர்கள், அவ்வளவுதான். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? முனையைத் திருப்பாமல் குறைந்தது 30 விநாடி அப்படியே நில்லுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு.

வீட்டில் துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேறு பூட்டு.

"வேணும்னு செய்யலையே" என்ற சமாதானம் சட்டத்திடம் எடுபடாது. ஜாக்கிரதையுள்ள ஒரு சாதாரண ஆள் அந்த இடத்தில் என்ன செய்திருப்பாரோ, அதுதான் அளவுகோல். திறந்து பார்க்க இரண்டு விநாடி போதும் என்பதால், பார்க்காததற்குக் காரணம் சொல்வது கஷ்டம். கவனக்குறைவால் உயிர் போனால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. கல்யாணக் கொண்டாட்டத்தில் பிறருக்கு ஆபத்தாகச் சுட்டால், யாருக்கும் காயம் படாவிட்டாலும், 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கும்போது, கையெழுத்துப் போடுமுன் அங்கேயே திறந்து பாருங்கள். "காலிதான் சார்" என்பார்கள். அப்போதும்தான்.