பினாங்கில் உச்சி வெயில் எத்தனை மணிக்கு? பிள்ளைகளோடு ஒரு நிழல் பரிசோதனை

“என் பிள்ளைக்கு அறிவியல் பிடிக்கவே இல்லை” என்று யாராவது சொன்னால், ஒரு சாத்தே குச்சியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கச் சொல்வேன். விலை கொடுத்து வாங்கும் பரிசோதனைப் பெட்டி எதுவும் வேண்டாம். நமக்கே விடை சரியாகத் தெரியாத ஒரு கேள்வி இருந்தால் போதும். இதோ கேள்வி: நம் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது எத்தனை மணிக்கு?

தேவையானவை: மாஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) ஒன்று, சாத்தே குச்சி, கொஞ்சம் களிமண், அடிக்கோல், பென்சில், நூல், தாள் பறக்காமல் இருக்க நான்கு கல். வேறு எதன் நிழலும் விழாத சமமான இடம் வேண்டும். எங்களுக்கு அடுக்குமாடிக்குக் கீழே வண்டி நிற்காத ஒரு மூலை கிடைத்தது.

முதலில் தாளின் நடுவில் களிமண்ணை வைத்துக் குச்சியை நேராக நடுங்கள். நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டால், குச்சி சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். குச்சியின் நுனியில் பட்டாணி அளவு களிமண்ணை உருட்டி ஒட்டுங்கள். சூரியன் புள்ளி அல்ல, வட்டம்; அதனால் நிழலின் ஓரம் மங்கும், வெறும் குச்சியின் நுனி எங்கே முடிகிறது என்றே தெரியாது. உருண்டை இருந்தால் அதன் நிழலின் நடுவில் குறி வைக்கலாம். தாளிலிருந்து உருண்டை வரை 20 செ.மீ. உயரம் இருக்கட்டும். அடியில் உள்ள களிமண்ணைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். முதல் தடவை என் மகளின் கால் பட்டுக் குச்சி நகர்ந்துவிட்டது. எங்கே இருந்தது என்று தெரியாமல் ஒரு மணி நேர வேலை வீணானது.

அப்புறம், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்: நிழல் எத்தனை மணிக்கு மிகக் குட்டையாகும் என்று பிள்ளையைக் கேட்டு, சொல்வதைத் தாளின் மூலையில் எழுத வையுங்கள். நீங்களும் எழுதுங்கள். தான் சொன்னது சரியா என்று பார்க்கத்தான் பிள்ளை அந்த வெயிலில் நிற்கும்.

காலை 11 மணிக்குத் தொடங்கி அரை மணிக்கு ஒரு குறி. 12.45இலிருந்து 1.45 வரை 5 நிமிடத்துக்கு ஒன்று. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் “12” என்று எழுதியிருந்தாள். அது ஏப்ரல் தொடக்கம். 11 மணிக்கு நிழல் 14 செ.மீ. 12 மணிக்கு ஏழரை. அவள் முகம் மாறவில்லை. 12.30க்கு நாலரை, 1 மணிக்கு இரண்டுகூட இல்லை. “கடிகாரம் தப்பா ஓடுதாம்மா?” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. 1.20க்கு உருண்டையின் நிழல் குச்சியின் காலடியிலேயே ஒடுங்கிவிட்டது. குந்தி உட்கார்ந்து குச்சியைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் மெல்ல எட்டிப் பார்த்தது நிழல்.

விளக்கத்தை அதற்குப் பிறகு சொன்னால் போதும். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது. நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் கணக்கில் ஓடுகிறது; சூரியன் அந்தக் கோட்டின் உச்சிக்கு வருவதைத்தான் அது 12 மணி என்கிறது. பினாங்கோ 100 பாகையில் இருக்கிறது. அந்த 20 பாகையைக் கடக்கச் சூரியனுக்கு ஏறக்குறைய 80 நிமிடம் ஆகும். 1982 ஜனவரி 1இல்தான் சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க, தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். பாடாங் கோத்தா லாமா பக்கத்து மணிக்கூண்டு 12 காட்டும்போது, சூரியன் இன்னும் கிழக்கே சாய்ந்துதான் இருக்கும். உச்சி நேரம் மாதத்தைப் பொறுத்துக் கால் மணி முன்பின் ஆகும்.

நிழல் முழுதாக மறைவது ஆண்டில் இரண்டு முறைதான்: பினாங்கில் ஏப்ரல் 3, செப்டம்பர் 9 ஒட்டி, கோலாலம்பூரில் மார்ச் 28, செப்டம்பர் 15 ஒட்டி. மற்ற நாளில் செய்தாலும் நஷ்டமில்லை. மிகக் குட்டையான நிழல் வடக்கு தெற்காக விழும்; கைப்பேசித் திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதிச் சுருட்டி வையுங்கள். ஜூன் கடைசியில் அதே தாள், அதே இடம், அதே திசை: உச்சி நேர நிழல் தெற்கே ஆறரை செ.மீ. விழும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் விரித்தால் 11 செ.மீ., வடக்கே. ஆனால் எந்தப் பக்கம் விழும் என்று பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.