ஜியோடெக்ஸ்டைல் துணி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஓர் இளம் பொறியாளர் தமது கொள்முதல் பட்டியலைச் சரிபார்க்கும்படி என்னிடம் தந்தார். அதில் ஒரு வரி, "ஜியோடெக்ஸ்டைல், 200 ஜி.எஸ்.எம்., நல்ல தரம்" என்று மட்டும் இருந்தது. ஜியோடெக்ஸ்டைல் என்பது சாலை, சுவர், வடிகால் போன்ற கட்டுமானங்களில் மண்ணோடு சேர்த்துப் பதிக்கும், நீர் ஊடுருவும் செயற்கை இழைத் துணி. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் ஆர்டர் எழுதினேன் என்பதால் அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ரோல்களை எண்ணாமல் கையெழுத்திடுவது, ஒரே இடத்தில் விலை கேட்டு முடித்துவிடுவது போன்றவை எந்தப் பொருளுக்கும் பொதுவான பிழைகள். அவற்றை விட்டுவிட்டு, இந்தத் துணிக்கே உரியவற்றைச் சொல்கிறேன்.

எடையைத் தரமாக எண்ணுவது

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். இழையின் தரமும், ஊசி குத்திப் பிணைத்த நேர்த்தியும் மாறினால், ஒரே எடையுள்ள இரண்டு துணிகளின் இழுவிசை வலிமை வெவ்வேறாக இருக்கும். ஆகவே இழுவிசை, கிழிதல், துளைபடுதல் ஆகியவற்றைத் தாங்கும் வலிமை, துளை அளவு, நீர் ஊடுருவும் திறன் ஆகிய ஐந்தையும் எழுதிக் கேளுங்கள். எடையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

வலுவான துணி எங்கும் நல்ல துணி என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மண்ணையும் ஜல்லியையும் கலக்காமல் பிரித்து வைப்பது, மண்ணுக்கு வலுவூட்டுவது, நீரை வடிய விட்டு மண்ணை நிறுத்துவது என்று இந்தத் துணிக்குப் பல வேலைகள் உண்டு. ஒரு வேலைக்குச் சிறந்தது மற்றொன்றுக்குக் கேடாக முடியலாம் என்பதை நான் ஒரு தாங்கு சுவரின் பின்னால்தான் கற்றுக்கொண்டேன்.

சுவருக்குப் பின்னே துளையிட்ட குழாய், அதைச் சுற்றி ஜல்லி, ஜல்லியைச் சுற்றித் துணி என்பது அமைப்பு. வரைபடத்தில் "வடிகட்டித் துணி" என்ற ஒரே சொல்தான் இருந்தது. விற்பனையாளர் இரண்டு மாதிரிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று கம்பளிபோல் மெத்தென்று இருந்த, கையால் இழுத்தாலே நீண்டுகொடுத்த நெய்யாத துணி. மற்றொன்று தட்டையான பிளாஸ்டிக் நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்த, கறுத்துப் பளபளத்த துணி. இரண்டாவதன் வலிமை ஏறக்குறைய இரு மடங்கு என்று தரவுத்தாள் சொன்னது. வடிகாலுக்குத்தான் வாங்குகிறேன் என்று நான் தெளிவாகச் சொல்லியும், "இதுதான் சார் உறுதி" என்று அவர் அதையே முன்னால் தள்ளினார். நானும் கெட்டிக்காரத்தனமாக வாங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

முதல் மழைக்காலம் குறையின்றிக் கழிந்தது. இரண்டாவது மழைக்காலத்தில், வெளியே கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோதும் குழாயின் வாயில் நீர் சொட்டுச் சொட்டாகவே விழுந்தது. உள்ளே நீர் அதிகம் இல்லை போலும் என்று அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். சுவர் முன்பக்கம் சாயத் தொடங்கிய பிறகுதான் தோண்டிப் பார்த்தோம். துணியின் மண் பக்கம் முழுவதும், பூசி மெழுகியதுபோல் வழவழப்பான வண்டல் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிய பின்னரே நெசவின் கோடுகள் தெரிந்தன. துணியை அறுத்தால், உள்ளே இருந்த ஜல்லி கழுவிக் கொட்டிய நாளில் இருந்ததுபோலவே சுத்தமாக இருந்தது. அதாவது அந்த ஜல்லிக்கும் குழாய்க்கும் வேலையே வந்து சேரவில்லை. நீர் முழுவதும் மண்ணிலேயே தேங்கிச் சுவரைத் தள்ளியிருக்கிறது. நிரப்பிய மண்ணை அள்ளி, வடிகாலைப் பிரித்து, மறுபடி அமைத்து, சுவரைச் சீர்செய்த செலவோடு ஒப்பிட்டால் துணியின் விலை ஒரு பொருட்டே அல்ல.

காரணம் எளிது. நாடா வழியே நீர் செல்லாது. நாடாக்கள் குறுக்கிடும் இடங்களில் உள்ள ஒழுங்கற்ற சந்துகளே வழி. அவை சிலவே ஆதலால் நுண்மண் விரைவில் அடைத்துவிடுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினர் பின்பற்றும் ஆஷ்டோ எம் 288 தரவிதி, நிலத்தடி வடிகாலில் நாடா நெசவுத் துணியை அனுமதிப்பதே இல்லை. அதே துணி இளகிய மண்ணின்மேல் போடும் சாலைக்கு அடியில் நன்றாக உழைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், குற்றம் துணியுடையதன்று.

வடிகாலுக்கு வாங்கும் முன் மண்ணின் சல்லடைச் சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். அந்தத் தரவிதியின்படி, 0.075 மி.மீ. சல்லடை வழியே செல்லும் மண் 15 விழுக்காட்டுக்குக் குறைவானால் துணியின் துளை அளவு 0.43 மி.மீ.க்கு மேற்படக் கூடாது. 15 முதல் 50 விழுக்காடு வரை 0.25 மி.மீ.; அதற்கு மேல் 0.22 மி.மீ. இத்துடன் நீர் ஊடுருவும் திறனுக்கும் குறைந்தபட்ச மதிப்புகள் உண்டு. மண்ணை நிறுத்தவும் வேண்டும், நீரை விடவும் வேண்டும் என்பதால் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சராசரியை உறுதிமொழியாகப் படிப்பது

தரவுத்தாளில் "வழக்கமான மதிப்பு" என்று இருந்தால், ஏறக்குறைய பாதி மாதிரிகள் அதற்குக் கீழே இருக்கக்கூடும் என்று பொருள். கேட்க வேண்டியது குறைந்தபட்ச ரோல் சராசரி மதிப்பு. அது சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தைப்போல் இரு மடங்கைக் கழித்துப் பெறுவது. சராசரி 800 நியூட்டன், திட்ட விலக்கம் 50 என்றால் நீங்கள் நம்பி வடிவமைக்கக்கூடியது 700 மட்டுமே. தரவிதிகளில் காணும் வலிமை எண்களும் இந்தக் குறைந்தபட்ச மதிப்பையே குறிப்பவை. ஒருவர் தரும் சராசரியை மற்றொருவர் தரும் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டால், நேர்மையாக எழுதியவரின் துணியே மட்டமாகத் தெரியும்.

மேற்படிவைக் கணக்கில் சேர்க்காதது

அடுத்தடுத்து விரிக்கும் ரோல்களின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியே மேற்படிவு. 4 மீட்டர் அகல ரோலை அரை மீட்டர் மேற்படிவுடன் விரித்தால் பயன்படும் அகலம் 3.5 மீட்டர்தான். 10,000 சதுர மீட்டர் பரப்புக்கு ஏறக்குறைய 11,430 சதுர மீட்டர் துணி தேவைப்படும். கழிவு இதில் அடங்காது. மண் இளகியதாக இருந்தால் மேற்படிவு ஒரு மீட்டர் வரை போகும். மிக இளகியதென்றால் தைத்தே ஆக வேண்டும். ஆர்டர் எழுதும் முன் மண்ணைக் கேளுங்கள்.

பாலியெஸ்டரும் சுண்ணாம்பும்

சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் புதிய கான்கிரீட்டை ஒட்டியும் பாலியெஸ்டர் துணி காலப்போக்கில் சிதையும். அங்கே பாலிபுரொப்பிலீன் வாங்குங்கள்.

மிக முன்னதாக வாங்கி வெயிலில் போடுவது

விலை ஏறும் முன் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், பணி தொடங்க மாதங்கள் இருக்கும்போதே ரோல்களை இறக்கிவைப்பவர்கள் உண்டு. புற ஊதாக் கதிர் இந்தத் துணியின் பகை. உறை கிழிந்து வெட்டவெளியில் கிடந்த ஒரு ரோலைப் பிரித்தபோது, மேல் சுற்று விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பல சுற்றுகளை வெட்டி எறிந்த பிறகே நல்ல துணி வந்தது. விரித்த துணியையும் 14 நாட்களுக்குள் மண்ணாலோ ஜல்லியாலோ மூடிவிடும்படி வேலையைத் திட்டமிட்டு, அதற்கேற்பத் தவணை தவணையாக வரவழையுங்கள்.

லேபிள் இல்லாத ரோல்

வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.