வரப்பு மண்ணுலேர்ந்து மைட் இறக்கிப் பாக்குறது எப்படி

மழை விட்டதும் செவப்பா வெல்வெட் துணி மாதிரி ஊருமே பட்டுப்பூச்சி, சின்ன வயசுல தீப்பெட்டில போட்டு வச்சிருப்போம், அதோட சொந்தம்தான் மண் மைட், மண்ணுக்குள்ள வாழுற பொடி உயிர். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட இருக்காது. பயிரை உறிஞ்சுற செஞ்சிலந்தி வேற, இதுல பெரும்பாலானது மக்குன இலையும் பூஞ்சணமும் தின்னு வாழுறது.

எந்த எடத்து மண்ணுங்கிறதுதான் முக்கியம். மொத தடவை நான் சம்பா நட்ட வயல்லேர்ந்தே சேறு அள்ளிட்டு வந்தேன், ரெண்டு நாளும் சேத்துத்தண்ணிதான் சொட்டுச்சு, தண்ணி கட்டுன களில காத்து போக சந்தே இல்ல, அங்க எப்படி இருக்கும். வரப்பு ஓரம், மூங்கில் குத்தடி, தென்னந்தோப்புல மட்டை விழுந்து மக்குன எடம், இங்கல்லாம் மேலாப்புல ரெண்டு இஞ்ச் சருகோட அமுக்காம எடுங்க. ஐப்பசி, கார்த்திகைல மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா நல்லது.

ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை வெட்டி மேல்பாதியை கவுத்து புனலா வைங்க, மூடி வேண்டாம், உள்ள கொசுவலைத் துண்டு, அதுமேல மண்ணு, கீழ ஈரப்பேப்பர் போட்ட வெள்ளைக் கிண்ணம். மேல ஒரு சாண் ஒசரத்துல 40 வாட் குண்டு பல்பு. எல்இடி போடாதீங்க, சூடு வராது. மேல காய காய அதுங்க ஈரத்தைத் தேடி கீழ எறங்கி கிண்ணத்துல விழும், நாலஞ்சு நாள் ஆகும். 1905ல இத்தாலிக்காரர் பெர்லேசே கண்டுபிடிச்ச புனல் இது, பல்பு சேத்தது ஸ்வீடன் டுல்கிரன், 1918ல.

நகைக்கடை லென்ஸ் இருந்தா போதும். கடுகை விடச் சின்னதா பழுப்பு மணி மாதிரி மினுங்குறது பெருசு, வெளிறிப்போய் மெதுவா நகருறது குஞ்சு. காலை எண்ணுங்க. ஆறு கால்னா முட்டைலேர்ந்து வந்த மொத பருவம், அடுத்த மூணு பருவமும் எட்டு கால், ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை தோல் உரிக்கும், சிலது உரிச்ச பழைய தோலை முதுகுலயே அடுக்கி சுமந்துகிட்டு போகும், அது கண்ல பட்டா விடாதீங்க!

இதே பருவங்கள்தான் ஆர்க்டிக்லயும். ஆனா நார்வேக்கு வடக்க ஸ்வால்பார்ட் தீவுல ஒரு வகை முழுசா வளந்து பெருக கிட்டத்தட்ட 5 வருஷம் ஆகுது, கோடை அவ்ளோ சின்னது. அங்க பாசிக்கு அடில, மேல் மண்ணுல கெடக்கும், ஆழத்துல மண்ணு வருஷம் பூரா உறைஞ்சே இருக்கு. குளிருக்கு முன்னாடி பலது வயித்தைக் காலி பண்ணிடும், உள்ள தீனி இருந்தா ஐஸ் அதுலதான் மொதல்ல பிடிக்கும், ஒடம்புல கிளிசரால் மாதிரி பொருள் சேத்து மைனஸ் 20லயும் உறையாம தாங்கிடும்.

பாத்து முடிச்சதும் சாயங்காலமா, எடுத்த எடத்துலயே சருகுக்கு அடில கொட்டிடுங்க, வெயில்ல கொட்டுனா காஞ்சு செத்துடும்.