பைக் செயின் ஓரிடத்தில் டைட், ஓரிடத்தில் லூஸா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறீர்கள். இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் செயின் ‘டக், டக்’ என்று தாளம் தப்பாமல் அடிக்கிறது. நேற்றுதான் டைட் வைத்தீர்கள் என்றால், மறுபடி டைட் வைக்க ஓடாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் இல்லை என்பதற்கான அடையாளம் இது.

நம் மலையில் இது சீக்கிரமே வரும். ஏறும்போது செயினின் மேல்பக்கம் இழுபடும். இறங்கும்போது என்ஜின் பிடித்து நிறுத்துவதால் கீழ்ப்பக்கம் இழுபடும். வளைவுக்கு வளைவு இழுப்பு மாறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு மூடுபனியும் மழையும் எண்ணெயைக் கழுவி லிங்குகளுக்குள் (செயின் கண்ணிகளுக்குள்) துரு ஏற்றிவிடும்.

தேவையானவை: ஓர் அடிக்கோல், கொஞ்சம் நகப்பூச்சு (எண்ணெய்ச் செயினில் சாக்பீஸ் ஒட்டாது), மண்ணெண்ணெய், பழைய பிரஷ், துணி. செயின் முழுவதும் கவருக்குள் இருக்கும் வண்டி என்றால் கவரைக் கழற்ற வேண்டும்.

முதலில் சமதளம் தேடுங்கள். இங்கே அதுவே பெரிய வேலை, ஆனாலும் சரிவில் வேண்டவே வேண்டாம். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். என்ஜின் ஓட, கியரில் போட்டுச் செயினைத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் வண்டியை ஒவ்வொரு சாணாக உருட்டி உருட்டி அளக்கலாம்.

இப்போது செயினைச் சுத்தம் செய்து, கீழ்ப்பக்கத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) விட்டு வெளியே வந்த பிறகும் நேராகாமல் முழங்கை போல மடங்கியே நிற்கும் லிங்க் இருக்கிறதா? அது துருப்பிடித்து ஜாமான லிங்க். எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் அசைத்தால் பல நேரம் விட்டுவிடும். சத்தமும் அத்தோடு நிற்கும்.

ஜாம் எதுவும் இல்லையென்றால் அளக்கத் தொடங்கலாம். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் கீழ்ச்செயினை விரலால் மேலே தள்ளி, கீழே இழுத்து, மொத்த அசைவை அடிக்கோலில் பாருங்கள். சாதாரண வண்டிகளுக்கு இது ஏறக்குறைய 20 முதல் 30 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். சக்கரத்தைக் கால்வாசி சுற்றி மறுபடி அளங்கள். மூன்று சுற்றாவது இப்படி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மிக டைட்டான இடம் வந்ததும் செயினில் ஒரு லிங்குக்கும், அதற்கு நேரே பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லுக்கும் நகப்பூச்சு வையுங்கள்.

காரணத்தைச் சொல்லிக்கொடுப்பது இந்த இரண்டு புள்ளிகள்தான். முன் ஸ்ப்ராக்கெட் 14 பல், பின்னது 42 பல், செயினில் 112 லிங்க் என்று வைத்துக்கொள்வோம். செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றி வர, சக்கரம் இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்ற வேண்டும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அதே பல் அதே இடத்துக்கு வரும்போது டைட்டானால், பின் ஸ்ப்ராக்கெட்டின் வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது அது நடுவில் சரியாக உட்காரவில்லை. சக்கரத்தின் ஒரே சுற்றுக்குள் மூன்று முறை டைட்டானால் கோளாறு முன் ஸ்ப்ராக்கெட்டில், அதற்குள் அது மூன்று முறை சுற்றிவிடும். பல் எங்கே இருந்தாலும் சரி, புள்ளி வைத்த லிங்க் திரும்பி வரும்போது மட்டும் டைட்டானால் செயின்தான் சில இடங்களில் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. எந்த ஒழுங்கிலும் அடங்காமல் மாறினால் டயரைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்கை முதலில் கவனியுங்கள்.

டைட்டுக்கும் லூசுக்கும் 5 மி.மீ. வித்தியாசம் என்றால் நான் ஓட்டுவேன். 10 மி.மீ. தாண்டினால் ஓட்ட மாட்டேன். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுவேன். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

அதுவரை ஓட்டியாக வேண்டுமென்றால், மிக டைட்டான இடத்தில் வைத்துத்தான் அளவைச் சரிசெய்ய வேண்டும். ஆரம்பத்தில் பலரும் தவறுவது இங்கேதான். லூசான இடத்தில் பார்த்து இறுக்கிவிட்டால், டைட்டான இடம் வரும்போதெல்லாம் செயின் கம்பிபோல் விறைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கையும் வீல் பேரிங்கையும் இழுக்கும். கொஞ்சம் சத்தம் இருக்கட்டும், பேரிங் போகக்கூடாது.

ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் (செயினை இறுக்கும் திருகு) ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) உள்ள கோடுகள் இருபக்கமும் ஒன்றாக நிற்க வேண்டும். நட்டை முறுக்கிய பிறகு மறுபடி அளங்கள், முறுக்கும்போதே அளவு மாறும்.

டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் நகர்ந்தால் பிரேக் ராடும் இழுபடும். பெடலில் பழைய அளவு ப்ளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இருக்கிறதா, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா, பிரேக் லைட் அணைகிறதா என்று பார்த்துவிட்டே இறக்கத்தில் வண்டியை எடுங்கள். உரசும் பிரேக்கோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் பாதி வழியிலேயே டிரம் கொதித்துவிடும்.