நியாயத்தீர்ப்பைப் பற்றிச் செய்தி கொடுக்கச் சொன்னால் எப்படிப் பேசுவது?

வீட்டு ஜெபம், சபைப் போதகரான ஐயர் வெளியூர் போயிருக்கிறார், அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் உங்களைக் கூப்பிட்டு "தம்பி, இன்னைக்குச் செய்தி நீ கொடுத்திரு, மத்தேயு 25" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கடைசி நாளில் இயேசு ராஜாவாக வந்து ஜனங்களைச் செம்மறியாடு, வெள்ளாடு என்று பிரித்துத் தீர்ப்புச் சொல்கிற பகுதி, நித்திய ஆக்கினை வருகிற இடம். பாளையங்கோட்டைப் பக்கமோ நாசரேத் பக்கமோ வளர்ந்தவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது இரண்டு மாதிரிப் பிரசங்கம்தான்: நரகத்தைக் காட்டி அழவைக்கிற கன்வென்ஷன் பேச்சு ஒன்று, இந்த வருஷம் கர்த்தர் உன்னை உயர்த்துவார் என்று வாக்குத்தத்தத்தோடு முடிகிற பேச்சு இன்னொன்று. முதலாவதில் இரக்கம் கடைசி ரெண்டு நிமிஷத்தில் அவசரமாக வரும், இரண்டாவதில் நியாயத்தீர்ப்பு வரவே வராது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

முதலில் பாயில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், வசனத்தைப் பிறகு பார்க்கலாம். நம் ஊர் ஜெபக் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம், அதிலும் பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள், குழுக் கடனுக்கும் வட்டிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே தீக்குளித்தது. அதற்கு முன்னால் பல தடவை மனு கொடுத்திருந்தார்கள். மனு கொடுத்து அலுத்துப்போனவர்களிடம் "ஒருநாள் எல்லாக் கணக்கும் கேட்கப்படும்" என்று சொன்னால் அவர்கள் பயப்பட மாட்டார்கள், மூச்சு விடுவார்கள். பாதரட்சை விலைக்கு ஏழையை விற்றவர்களைப் பார்த்துத்தான் தீர்க்கதரிசி ஆமோஸ் பேசினார், நியாயம் தண்ணீரைப்போல் புரண்டு வரட்டும் என்றார். வட்டிக்கு விடுகிறவரும் அதே பாயில் இருக்கலாம், சபைக்குப் பெரிய காணிக்கை தருகிறவராகக்கூட இருக்கலாம், அவர் காதுகேட்க மத்தேயு 25-ஐ நிதானமாக வாசியுங்கள். நகை போட்டாயா, சினிமாவுக்குப் போனாயா என்று ராஜா அங்கே கேட்கவில்லை. பசி, தாகம், வஸ்திரம், வியாதி, காவல், அந்நியன், இப்படித் தவித்தவர்களுக்கு என்ன செய்தாய், இவ்வளவுதான் விசாரணை.

இரக்கத்தைச் சொல்ல மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கதை போதும். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை எஜமான் விட்டுவிடுகிறார், அவனோ வெளியே போய் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். கணக்குப் போட்டால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. இதைச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆனால் நூறு நாள் கூலியும் சின்னக் காசு இல்லை என்பதையும் கூடவே சொல்லுங்கள். பிரசங்கிகள் பொதுவாக இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அப்புறம் அடிவாங்கிய பெண்ணிடம் "மன்னிச்சிரு மக்கா, ஆண்டவர் உன்னை மன்னிக்கலையா" என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு இதைவிட எரிச்சல் தருவது எதுவும் இல்லை. வரி வசூலித்த சகேயு வீட்டுக்கு இயேசு போனார், கூப்பிடாமலே போனார், அது இரக்கம். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்று சகேயு எழுந்து நின்றதும் அதே கதையில்தான் இருக்கிறது. செய்தவனிடம் திருப்பிக் கொடு என்று சொல்லாமல், பட்டவளிடம் மட்டும் மன்னி என்று சொல்லாதீர்கள்.

சரி, சொல்லவே கூடாத இடங்கள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ., தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் "இது தேவகோபம்" என்று ஆரம்பிக்க ஒருவர் எப்போதும் இருப்பார். லூக்கா 13-ஐத் திறந்து காட்டுங்கள்: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார், உடனே கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களைக் குறித்துத் தீர்ப்பு எழுதுவதற்கு அங்கேயே கதவடைத்தாயிற்று.

துக்க வீட்டிலும் அப்படித்தான், அதுவும் தற்கொலை நடந்த வீட்டில் இன்னும் கவனம். 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தக் கூடாது என்றே குறித்து வைத்திருந்தது, அந்தக் கடுமை நம் பெரியவர்கள் சிலர் பேச்சில் இன்னும் மிச்சமிருக்கிறது. 1992-ல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலோ அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. நீங்கள் பரலோகமும் கொடுக்க வேண்டாம், நரகமும் கொடுக்க வேண்டாம். ஒரு சங்கீதத்தை வாசித்து, ஜெபித்து, சும்மா கூட உட்காருங்கள்.

ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார், "அப்போ நரகம் உண்டா இல்லையா?" மழுப்பாதீர்கள். உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம், அதை விட்டுக்கொடுக்க முடியாது. தண்டனை முடிவில்லாததா, அழிந்துபோவதா, கடைசியில் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பலாமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு, உங்கள் சபை எதைப் போதிக்கிறதோ அதை இன்னது என்று சொல்லிவிடுங்கள். பெயர் சொல்லி இன்னார் எங்கே என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டாம். நம் குடும்பங்களில் பாதிச் சொந்தம் இந்து, கேட்கிறவர் பெரும்பாலும் இந்துவாகவே இறந்த தன் அப்பாவையோ ஆச்சியையோ மனதில் வைத்துத்தான் கேட்பார். அவரைத் திண்ணைப் பக்கம் தனியாகக் கூட்டிப்போங்கள், அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் கேளுங்கள், அவர் பேசட்டும்.